மான் தின்ற திகதி

மண்டபச் சுவரில் அறிவித்தல் ஒட்டுவது
என் வேலை.
மா சீனன்குடாவிலிருந்து வருகிறது.
காய்ச்சிப் பசையாக்குகிறேன்.
மான் கோட்டைக்குள்ளிருந்து வருகிறது.
இரண்டும் சந்திக்கிற இடம்
இந்தச் சுவர்.

இரவில் வந்து பசையை நக்கும்,
கடதாசியும் கூடவே போகும்.
கழுத்தை நீட்டினால் எட்டுகிற உயரம் வரை
நகரத்தில் எந்தச் செய்தியும் மிஞ்சாது.
மேலே தலைப்பு மட்டும் நிற்கும்.
திகதி, நேரம், தொடர்புக்கு யார் என்பதெல்லாம்
கீழ்வரியில்தானே எழுதுகிறோம்.

இந்த மாதம் நிறைய ஒட்டினேன்.
உப்புவெளியில் வில்லுப்பாட்டு.
சிறுவருக்குக் களிமண் பட்டறை,
களிமண்ணை அவரவர் கொண்டுவரவும்.
துறைமுகத் தொழிலாளருக்கு முதலுதவிப் பயிற்சி,
சான்றிதழ் உண்டு.
'சாப்பாடும் உண்டு' என்று
யாரோ பேனையால் சேர்த்திருந்தார்கள்,
அந்த வரி மானுக்கு எட்டவில்லை.
பிறகு பெண்கள் குழுவின் நாடக ஒத்திகை,
நாடகத்துக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை.

கச்சேரிக்குப் போகிறேன் என்றால்
எங்கள் ஊரில்
பாட்டுக் கேட்கவா என்று ஒருவரும் கேட்பதில்லை,
எந்தப் படிவம் என்பார்கள்.

சனிக்கிழமை காலை
செம்மஞ்சள் அங்கி போட்ட பத்தொன்பது ஆண்கள்
ஒரு வாசலால் வந்தார்கள்.
மற்ற வாசலால்
தர்மபூபதியும் ஆறு பெண்களும்,
ஒரு மேளம், இரண்டு பிளாஸ்டிக் வாளி.
பயிற்சி தர வந்த லலித் சேனாநாயக்க
பையைத் திறந்து
ரப்பர் உடம்பொன்றை மேசையில் கிடத்தினார்.
இடுப்புக்குக் கீழே அதற்கு ஒன்றுமில்லை.
"இதையும் மான் திண்டிட்டுதோ?" என்றாள் முபீதா.
சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்,
கொஞ்சம் பிந்தி.

ஏனென்றால் மானில் பிழையில்லை.
பதிவேட்டில், அதே சனிக்கிழமையின்
அதே கட்டத்துக்குள்
இரண்டு பெயரும் இருந்தன,
இரண்டும் என் கையெழுத்து.
பதிவேட்டை மூடி
அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தேன்.

மேடை அவர்களுக்கு, தரை இவர்களுக்கு
என்று முடிவாயிற்று.
எகாய், தெகாய், துனாய்…
லலித் எண்ண எண்ண
கிறேன் ஓட்டுகிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும்
நெஞ்சை அமுக்கினார்கள்.
ஒருவன் மாப் பிசைவது போல,
இன்னொருவன் கதவு தட்டுவது போல.
"நிமிடத்துக்கு நூறு, அவசரமும் வேண்டாம், ஆறுதலும் வேண்டாம்"
என்று மூன்று தரம் சொல்லிவிட்டார்,
சிங்களத்தில் ஒன்று, தமிழில் இரண்டு.
பிடிபடவில்லை.

மேடையிலிருந்து முபீதா
வாளியைக் கவிழ்த்துத் தட்டத் தொடங்கினாள்.
யாரும் கேட்கவில்லை.
ஒத்திகையில் படகு கரையேறும் இடத்துக்கு
அவள் வைத்திருந்த தாளம் அது.
கொஞ்சம் இழுத்தாள், லலித் தலையாட்டினார்,
அந்த அளவில் நிறுத்தினாள்.
பத்தொன்பது சோடிக் கைகளும்
ஒவ்வொன்றாக
வாளிக்குள் வந்து விழுந்தன.

கடைசி முறை புவிராஜசிங்கத்துடையது.
முப்பது அமுக்கல், இரண்டு மூச்சு.
முப்பது. இரண்டு.
போதும் என்று லலித் தோளில் தொட்ட பிறகும்
இன்னொரு முப்பது.
எழும்பி, முழங்காலைத் தட்டிவிட்டு,
"அண்டைக்கு எனக்கு இந்தக் கணக்குத் தெரியாமப் போச்சுது" என்றார்.

எண்டைக்கு என்று
இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.
தர்மபூபதி எழுதிக்கொண்டிருந்த பேனையை
மூடி வைத்தாள்.
வாளி மட்டும் இன்னும் கொஞ்ச நேரம்
தட்டுப்பட்டுக்கொண்டிருந்தது.

பிறகு சோற்றுப் பார்சல்.
பத்தொன்பதை இருபத்தெட்டாக்க வேண்டியிருந்தது.
மீன்பொரியலைப் பிய்க்கும்போது
எனக்கு வால்.

இனிமேல் திகதியை மேலே எழுது,
இன்னும் உயரத்தில் ஒட்டு
என்று திங்கட்கிழமை மேலதிகாரி சொன்னார்.
ஏணிக்குப் படிவம் கொடுத்திருக்கிறேன்,
கச்சேரியில் கிடக்கிறது.

அதுவரைக்கும் கை எட்டுகிற உயரந்தான்.
இன்று பின்னேரம் ஒட்டியது:
தீயணைப்புப் பயிற்சி,
புல்லாங்குழல் வகுப்பு.
பசையைக் கொஞ்சம்
கூடவே பூசிவிட்டேன்.