கால் சுற்று

வெண்ணெயை முந்தின இரவே வெளியே எடுத்துவைத்தேன்.
இந்த வீட்டில் அது இளகப் பாதி நாள் ஆகும்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
தண்டர் பே துறைமுகத்தில் கப்பல் இல்லை,
தானியக் கிடங்கில் எனக்கு அரை வேலைதான்.
மீதிப் பொழுதுக்கு
கோகோ, சர்க்கரை, மைதா,
ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் மேலே உப்பு.

தோண்டிப்போட்ட ஈரமண் மாதிரி இருந்த மாவை
உருட்டி நீட்டி
காகிதத்தில் சுற்றி
இரு முனையும் மிட்டாய்போல் முறுக்கினேன்.
துடைப்புத்தாள் தீர்ந்த அட்டைக்குழலை நெடுக வெட்டி
அதற்குள் கிடத்தினேன்.
இல்லாவிட்டால் ஃப்ரீசர் தட்டு
அடிப்பக்கத்தைச் சப்பையாக்கிவிடும்.

கய்யா என்னோடு பேசிப் பதினொரு நாள்.
ஏரிக்கரைக் குடிலை அவளிடம் சொல்லாமல் விற்றேன்.
கூரை ஒழுகியது, வரி ஏறியது,
காரணங்கள் நிறையக் கைவசம் இருக்கின்றன,
ஒன்றையும் அவள் கேட்கவில்லை.
கேட்டது இதுதான்:
"என் துடுப்பு எங்கே?"
அதையும் சேர்த்துத்தான் விற்றிருந்தேன்.
அன்றிலிருந்து நான் அப்பா இல்லை, ரெய்யோ.
அதுவும் துண்டுச்சீட்டில் மட்டும்.
"ரெய்யோ, பால் தீர்ந்துவிட்டது."

முதல் இரவு ஆறு வில்லை அறுத்துச் சுட்டேன்.
ஒவ்வொரு வில்லைக்கும் உருளையைக்
கால் சுற்று திருப்ப வேண்டும்,
ஒரே பக்கம் அழுத்தினால் வட்டம் கெடும்.
ஒரே பக்கமாய் அழுத்துவதில்
நான் கைதேர்ந்தவன்.
மூன்றைத் தட்டில் வைத்து அவள் அறைவாசலில் விட்டேன்.
விடிந்தபோது மூன்றும் அங்கேயே.

மீதி உருளையைத் திரும்ப வைக்கையில்
ஏனென்று தெரியாமல்
வெட்டுமுனை நின்ற இடத்தில், காகிதத்தின்மேல்
பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன்.

மூன்றாம் நாள் பார்க்கிறேன்,
கோட்டுக்கும் மாவுக்கும் நடுவே
ஒரு விரல் இடைவெளி.
ஓவன் கதவில் கை வைத்தேன், ஆறியிருந்தது.
கத்தி கழுவிக் கவிழ்த்திருந்தது.
இரவு இரண்டுக்கோ மூன்றுக்கோ
ஒருத்தி வெறுங்காலோடு இறங்கி வந்து
மணி அடிக்கும் முன்பே நிறுத்தி
இருட்டில் தனியே தின்றிருக்கிறாள்.
வேறொரு சமயமென்றால் மின்கட்டணம் பற்றிப் பேசியிருப்பேன்.
புதுக்கோடு போட்டேன்.

இப்படி ஐந்து கோடுகள்.
கதவுநிலையில் அவள் வளர்ந்ததைக் குறித்த அதே பென்சில்,
இப்போது மாவு குறைவதைக் குறிக்கிறது.

கருத்த குக்கீயில் ஒரு சங்கடம்,
வெந்ததா என்று நிறம் சொல்லாது.
வெள்ளை மாவுக்கு ஓரம் சிவக்கும்.
இதுவோ
போகும்போதும் கருப்பு, வரும்போதும் கருப்பு.
மணத்தை நம்ப வேண்டும்.
மணம் தூக்கலாய் வந்தால்
சில நேரம் பிந்திவிட்டதென்று பொருள்.
எடுத்ததும் தொட்டால் குழையும்.
வேகவில்லையென்று மறுபடி உள்ளே தள்ளினால்
கரி.
தொடாமல் விட்டால் தானே இறுகும்.
இதைக் கற்க எனக்கு இரண்டு தட்டு வீணாயிற்று.

நேற்று கட்டைவிரல் நீளம்தான் மிச்சம்.
வெண்ணெய் எடுத்துவைக்க நினைத்திருந்தேன்,
ரயில் பெட்டிகள் வந்து குவிந்ததில்
நள்ளிரவு தாண்டித்தான் வீடு திரும்பினேன்.

இன்று காலை ஃப்ரீசரைத் திறந்தால்
அட்டைக்குழல் காலி.
பக்கத்தில் புதிதாய் ஒன்று,
உருளை அல்ல, சதுரம்.
அளவுகோல் வைத்து அடித்தாற்போல் நாலு பக்கம்.
இதைத் திருப்பத் தேவையில்லை,
எவர் அழுத்தினாலும் வட்டம் கெடப்போவதில்லை.
காகிதத்தின்மேல் அவள் எழுத்து:
"உப்பு கூட்டியிருக்கிறேன்.
கோடு போட வேண்டாம்."
அப்பா என்று இல்லை.
ரெய்யோ என்றும் இல்லை.

மாவு கல்லாய் இருக்கிறது.
பத்து நிமிடம் வெளியே இருந்தால்தான்
உடையாமல் அறுபடும்.
நாற்காலியை இழுத்துப்போட்டு
அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.
மாடியில்
குழாய் திறக்கும் சத்தம்.