பதினான்காம் விதி

முசஃபா முகாமின் விதிகளை நான்தான் தட்டச்சு செய்தேன்.
மேலே கம்பெனி முத்திரை,
கீழே இந்தி, வங்காளம், நேபாளி, தமிழ்.
பதினாலு: பத்து மணிக்குப் பிறகு
அட்டை இல்லாதவனுக்குக் கதவில்லை.
தெரிந்த முகம் அட்டை ஆகாது.
இந்தக் கடைசி வரி என் சொந்தச் சரக்கு.
மேனேஜர் அதை மட்டும் இரண்டு தரம் படித்தார்.

கிரேன் பழுதுபார்க்கும் காவ்
போனில் சீனம் பேசுவான். போன் தமிழ் பேசும்,
திக்கித் திக்கி, பெண்குரலில்.
அப்படித்தான் வந்து சேர்ந்தான் ஷாங் யாங்,
சின் நாட்டு அமைச்சன்.
சட்டம் போடும் முன்பு
சந்தையின் தெற்கு வாசலில் ஒரு கம்பம் நட்டானாம்.
வடக்கு வாசலுக்குத் தூக்கிப்போனால் பத்துப் பொன்.
ஒருத்தனும் அசையவில்லை. ஐம்பது என்றான்.
எவனோ தூக்கினான்.
நின்ற இடத்தில் எண்ணிக் கொடுத்தார்கள்.
அப்புறம்தான் சட்டம்.
இளவரசன் தவறினான்,
வாத்தியார் முகத்தில் பச்சை குத்தினார்கள்.
ஐந்து வீடு ஒரு கட்டு,
ஒருத்தன் செய்தால் ஐந்துக்கும் அடி.
"நம்ம ரூம் மாதிரி" என்றேன்.
போன் அதை என்னவென்று சொன்னதோ,
காவ் சிரிக்கவில்லை.

மறுநாள் ஒரு சாரக்குழாயைத் தெற்கு கேட்டுக்கு வெளியே போட்டு
ஐம்பது திர்ஹாம் என்றேன். என் பைக்காசு.
மூன்று மாதச் சம்பளம் பாக்கி நிற்கும் முகாம்.
செல்லையா மட்டும் நின்று கேட்டான்:
"எப்ப தருவீங்க சார், நவம்பர்லயா?"
குழாய் கிடந்தது.

அரசன் செத்ததும் ஓடினானாம் ஷாங் யாங்.
எல்லைச் சத்திரத்தில் சீட்டு கேட்டார்கள்.
சீட்டு இல்லாதவரைச் சேர்த்தால் என் தலை போகும்,
ஷாங் பிரபுவின் சட்டம், என்றான் சத்திரக்காரன்.
எதிரே நிற்பது யாரென்று அவனுக்குத் தெரியாது.
முடிவைக் கேட்டேன்.
"ஐந்து தேர்கள்" என்றது போன்,
சார்ஜ் தீர்ந்துபோனது.

தேக் பகதூருக்கு என்னைத் தெரியும்.
நேற்று பர்ஸை டாக்சியில் விட்டுவிட்டுப்
பதினொன்றே காலுக்கு வந்து நின்றேன்.
சாப்பிட்டாச்சா சார் என்றான்.
கம்பி வழியே தண்ணீர் பாட்டில் நீட்டினான்.
பிறகு திரும்பி, சுவரில் டார்ச் அடித்தான்.
கோபமில்லை, பழிவாங்கலும் இல்லை.
எழுத்துக்கூட்டி வாசித்தான்,
நான் எழுதியதை நன்றாக எழுதியிருப்பதாக
எனக்கே தோன்றும்படி.

குழாய்மேல் உட்கார்ந்தேன்.
இரும்பு இன்னும் ஆறவில்லை.
உள்ளே ஆறாம் அறையில் யாரோ இருமினான்,
செல்லையாதான்.
அவனும் என் இருமலைக் கேட்டிருப்பான்.
விளக்குப் போடவில்லை.