குடிக்காத மண்

மாசியில் எரிந்தது கம்பம்மெட்டுச் சரிவு.
தீ அணைந்ததென்று ரேஞ்சர் எழுதி மூடிய நோட்டில்
மழைக்கென்று பக்கம் இல்லை.

ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பை நிறுத்தி
ஒச்சம்மா இறங்கினாள்.
கரிந்த மண்ணில் ஒரு தூக்குமூடித் தண்ணீர் ஊற்றினாள்.
குடிக்கவில்லை.
சேம்பிலையில் போல உருண்டு,
சாம்பலைப் பூசிக்கொண்டு,
எங்கள் தெரு இருக்கும் பக்கமாய் இறங்கியது.
"காய்ச்சக்காரி வாய் மாதிரில்ல இருக்கு."
சிரித்தோம். நேரமாச்சு என்றோம்.

வைகாசி இரவு.
உச்சியில், கேரளா தொடங்கும் இடத்தில் இடி.
இங்கே ஒரு சொட்டு இல்லை.
ஓடையில் மட்டும்
தண்ணீர் தெளித்த அடுப்பின் வாசம்.
பிறகு கல்லோடு கல்.

கதவு கதவாய்த் தட்டிக்கொண்டு போகிறாள்.
"நட்சத்திரம் தெரியுதே தாயி" என்கிறார் துரைச்சிங்கம்,
கையில் பசுவின் கயிறு,
கால் மேட்டுப் பக்கம்.

விடிந்தபோது
பாலம் இருந்த இடத்தில்
மேலிருந்து வந்த கரிமரம் ஒன்று
வேரோடு, நின்றபடி.