வெட்டுப் பட்டியலில் ஒருவன்

முப்பது நாள் இலவசம் என்றது திரை.
முதல் நாளைக்
கடவுச்சொல் தின்றுவிட்டது.

பதினோரு வருடம் இதே ஆலையில்
சம்பளக் கணக்கு எழுதியவள் நான்.
யாருக்கு எத்தனை விரல் என்பது வரை தெரியும்,
இழப்பீட்டுக் கோப்புகளும்
என் அலமாரியில்தான் இருந்தன.
வரைபடப் பிரிவில் ஓர் இடம் காலியானபோது
கையைத் தூக்கியது நான்தானா என்று
இன்னும் சந்தேகம்.

எஸ்டோனியாவின் தென்மூலை. பொல்வா. டிசம்பர்.
மூன்றரைக்கே இருட்டிவிடும்.
வெளியே, பட்டை உரித்த ஸ்ப்ரூஸ் மரங்கள்
பனிக்கடியில் அடுக்கிக் கிடக்கின்றன.
உள்ளே, எடையே இல்லாத ஓர் உத்தரத்தைச்
சுட்டியால் இழுத்து இழுத்து
மணிக்கட்டு வலிக்கிறது எனக்கு.

நான் எழுப்பிய முதல் சுவர்
மூன்று மில்லிமீட்டர் உயரம்.
அலகை மாற்ற மறந்திருக்கிறேன்.
எறும்பும் குனிந்துதான் நுழைய வேண்டும்.
அழிக்க மனம் வராமல்
தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

பழகுவதற்கு
ஒரு பேருந்து நிழற்குடை போதும் என்றார்கள்.
மூன்று பக்கம் சுவர், இருபுறம் சரிந்த கூரை.
நாளுக்கு இரண்டே பேருந்து வரும்
சரளைச் சாலைத் திருப்பத்துக்கு
அது நிஜமாகவே வேண்டும்.
போன குளிரில் அங்கே நின்று
என் இடது காது
ஒரு வாரம் கேட்கவில்லை.

தூணை நிறுத்தினேன். நின்றது.
உத்தரத்தை ஏற்றினேன். தூணைத் தொடாமல் மிதந்தது.
இறக்கினேன்.
கைமரத்தைச் சாய்த்ததும்
திரை சிவந்தது:
ஒரே இடத்தில் இரண்டு மரம்.
எது விட்டுக்கொடுக்கும்?
கேட்டது ஒரு சின்னப் பெட்டி.

இவ்வளவு நேராக என்னிடம்
யாரும் கேட்டதில்லை,
விவாகரத்து வழக்கில்கூட.

கைமரம் என்று தொட்டேன்.
ரொட்டியைக் கடித்ததுபோல்
அதன் அடியில் ஒரு துண்டு காணாமல் போனது.
எட்டுக் கைமரத்துக்கும் ஒரே கடி,
ஒரே ஆழம்.
"வெட்டுப்பட்டதுதான் ஆடாமல் உட்காரும்"
என்றான் அடுத்த மேசை லெம்பித்.
தத்துவம் எல்லாம் இல்லை,
வாயில் பாதி சாண்ட்விச் இருந்தது.

தலை இடிக்குமா என்று பார்க்க
பொருள் தொகுப்பில் தேடி
ஓர் ஆளை எடுத்து உள்ளே நிறுத்தினேன்.
நாற்காலிக்கும் பூந்தொட்டிக்கும் நடுவில் இருந்தான்.
சாம்பல் நிறம். முகம் கிடையாது.
ஆயிரத்து எழுநூற்றைம்பது மில்லிமீட்டர்.
கைகளைத் தொங்கவிட்டபடி
சாலை இருக்க வேண்டிய பக்கம் பார்த்தான்.
சாலையை நான் வரையவில்லை.

அவனை அப்படியே விட்டுவிட்டு
காபி குடிக்கப் போனேன்.
திரும்பி வந்தபோதும்
பேருந்து வந்திருக்கவில்லை.

ஏழாம் நாள்.
வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பும் பொத்தானை
மூன்று முறை படித்துவிட்டு அழுத்தினேன்.
பத்து நிமிடம் கழித்து
கீழ்த்தளத்திலிருந்து ஆர்வோ கூப்பிட்டான்.
ரம்பச் சத்தத்துக்கு மேலே கத்தினான்:

"பட்டியல் வந்துவிட்டது!
தூண் ஆறு. உத்தரம் இரண்டு. கைமரம் எட்டு.
ஆள் ஒன்று."

நான் வாயைத் திறப்பதற்குள்,

"மர வகை போடவில்லையே நீ.
ஸ்ப்ரூஸில் வெட்டட்டுமா, பைனிலா?"

ரம்பத்தை யாரோ நிறுத்தினார்கள்,
சிரிப்பு தெளிவாகக் கேட்கட்டும் என்று.
குரலை வைத்தே ஆளை எண்ணினேன்:
நான்கு பேர்,
அதில் ஒருவனுக்கு
விடுப்பு நாள் பிழையாய்க் கழித்திருக்கிறேன் ஒருமுறை.

அழிக்கும் பொத்தான் மேல் விரல்.
அவன் இன்னும் அங்கேதான்,
இல்லாத சாலையைப் பார்த்துக்கொண்டு.

"பைன்" என்றேன்.
"வெளியில் நிற்கப் போகிறவன்."

"மூட்டு எதையும் குறிக்கவில்லையே?"

"முதல் வாரம்தானே ஆர்வோ,
மூட்டுவரை
நான் இன்னும் வரவில்லை."