பட்டினத்துக்குக் கடல் இல்லை

காவேரிப்பட்டினத்தில் காவேரி கிடையாது,
கடலும் கிடையாது.
தென்பெண்ணை ஓடுகிறது,
அதுவும் ஐப்பசியில்தான் ஆறு மாதிரி.
அந்த ஊர்க்காரன் சென்றாயன்,
பத்தொன்பது மாதம் கப்பலில் துப்பாக்கி பிடித்தவன்,
கிருஷ்ணகிரி தாலுகா கச்சேரி வாசலில்
என் எழுத்துப் பலகைக்கு எதிரே குந்தி
"மனு ஒண்ணு எழுதணும் சாயபு" என்றான்.

பக்கத்துக்கு ஓரணா.
மைக்குத் தனியாக வாங்குவதில்லை.

கம்பெனி கொடுத்த அச்சுத்தாளை
இடுப்பு முடிச்சிலிருந்து எடுத்தான்.
எட்டாக மடித்தது.
மடிப்புகளில் எழுத்து செத்துப்போயிருந்தது.
எனக்கு வந்த இங்கிலீசில் கூட்டிப் படித்தேன்:

காவலாளுக்கு இருபது தோட்டா,
எண்ணி வாங்கி எண்ணித் தர வேண்டும்.
வேற்றுக் கொடி பறக்கும் துறைமுகத்தில்
துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டி அரக்கு வைக்க வேண்டும்,
ஆள் கரையில் கால் வைக்கக் கூடாது.
கம்பித் தடுப்புக்குக் கீழே இருக்கும்
தளப் பயணிகளோடு பேசக் கூடாது.
ஏழாவது,
காவலாள் பயணிகளுக்கு அந்நியனாக இருக்க வேண்டும்.

"ஏழாவதைத் திரும்பப் படிங்க."
படித்தேன்.
"இன்னொரு தடவை."

பிறகு அவனே சொன்னான்:
கொள்ளைக்காரன் கடல்லேர்ந்து வரமாட்டான் சாயபு,
சீட்டு வாங்கிக்கிட்டு வருவான்.
அதனால என்னை அலையைப் பார்த்து நிறுத்தல,
ஆளைப் பார்த்து நிறுத்தினாங்க.
சீனக் கரையோரம் பதினஞ்சு மாசம்.
கீழே அவங்க சிரிச்சாலும் அழுதாலும்
எனக்கு மழைச் சத்தம்தான்.

அப்புறம் கப்பலை நாகப்பட்டினத்துக்குத் திருப்பினார்கள்.
பினாங்குக்குக் கூலியாட்கள்.
ஏறியவர்கள் பென்னாகரம், பாலக்கோடு, அரூர்,
இரண்டு வருஷம் கேழ்வரகு பொய்த்த சனம்.
எல்லார் முதுகுக்கும் நேராக இவன் துப்பாக்கி.

நாலாம் மாதம், ஒரு நடைப்பயணத்தில், மூன்றாம் ராத்திரி
கம்பிக்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல்:
எந்தூருப்பா நீ?

இவன் பேசவில்லை.
விடியும்வரை பேசவில்லை.
விடிந்ததும் வாய் தானாகச் சொன்னது:
காவேரிப்பட்டினம்.

"அப்படீன்னா அந்தத் துப்பாக்கியக் கொஞ்சம்
அந்தாண்ட திருப்பு.
கொழந்தை இப்பத்தான் கண்ணசந்துச்சி."

திருப்பினான்.

குற்றப்பத்திரிகையில் இரண்டே வரி:
பயணியோடு பேசினான்.
துப்பாக்கி முனை கடலை நோக்கியிருக்கக் காணப்பட்டது.
நாலு மாதச் சம்பளம் பிடித்தம்.
பினாங்கில் இறக்கிவிட்டார்கள்.

(வேர்க்கடலைக் கொல்லையில் பன்றி இறங்குகிறது,
நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டானாம்.
உனக்கெதற்கு, தகரத்தைத் தட்டு என்றார்களாம்.
இதை மனுவில் சேர்க்க வேண்டாம் என்றான்.
நானும் சேர்க்கவில்லை.)

மனுவில் நான் எழுதியது இது:
ஏழாவது விதிப்படி
அந்தக் கப்பலில் இவன் காவலாளே அல்ல.
அந்நியன் அல்லாதவனை அங்கே நிறுத்தியது
கம்பெனி செய்த விதிமீறல்.
ஆகையால் பாக்கி நாற்பத்திரண்டு ரூபாயை
தயவுசெய்து அனுப்பி வைக்கவும்.

"இப்படியும் எழுதலாமா?"
"எழுதியாச்சு. ரேகை வை."

முப்பது வருஷத்தில் நான் எழுதியதில்
அதுவே நல்ல மனு என்று
இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது.
மனுதாரரின் பட்டினம்
எந்தத் துறைமுக அதிகாரியின் கீழ் வருகிறது?
அவர் மூலமாக மறுபடி விண்ணப்பிக்கவும்.

படித்துச் சொன்னேன்.
சிரிப்பான் என்று பார்த்தேன்.
சந்தைக்குப் போகும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லைன்னு எழுதிடட்டுமா?"

"வேணாம். இருக்குதுன்னு எழுதுங்க.
முழங்கால் தண்ணி இருக்குது, கரை இருக்குது.
அரக்கு வெக்கத்தான்
எங்கிட்ட இப்ப ஒண்ணும் இல்லேன்னு எழுதுங்க."

ஓரணாவை எடுத்துப் பலகைமேல் வைத்தான்.