கையில் எறும்பு

எறும்பு ஊருது என்றேன்.
எங்கே என்றார்.
வலது உள்ளங்கையில்.
பாயை உதறினார், போர்வையை உதறினார்,
செல்போன் வெளிச்சத்தில் சுவரோரம் தேடினார்.
பிறகுதான் ரெண்டு பேருக்கும் நினைப்பு வந்தது,
முழங்கைக்குக் கீழே
அஞ்சு மாசமாக ஒன்றும் இல்லை என்பது.

ஆனால் ஊருகிறதே.
கவுந்தப்பாடிக்கு மேற்கே ஆலையில்
பதினோரு வருசம் ரோலருக்குக் கரும்பு கொடுத்த கை.
பொழுதோட வீடு வந்து
புளி போட்டுத் தேய்த்தாலும்
ரேகைக்குள் பிசுபிசுப்பு போகாது.
தூங்கும்போது நிசமாகவே எறும்பு வரும்.
அதுகளுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போல.

மாசி மாசம், விடியாத நேரம்.
ஒரு கரும்பு கோணலாகப் போனது.
நிமிர்த்தினேன், அவ்வளவுதான்.
ஐயோ என்ற கை என்று கத்தவில்லையாம் நான்,
மெஷினை அணை என்றுதான் கத்தினேனாம்.
கொப்பரையில் பாகு கிண்டிய பொன்னாயாள் சொன்னாள்.
அன்றைக்குப் பிழிந்த பாலை வாய்க்காலில் கொட்டினார்கள்.
கொட்டவில்லை என்றும் ஒரு பேச்சு உண்டு.

பெருந்துறை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள்.
எடுத்ததை என்னங்க பண்ணுவீங்க என்றேன்.
மஞ்சள் பையில் போட்டு அனுப்பிருவோம் என்றாள் நர்ஸ்.
கல்யாண வீட்டுத் தேங்காய்ப் பைதான்
கண்ணுக்குள் வந்தது.

நட்டஈட்டு ஆபீசர் தாளைப் பார்த்துப் படித்தார்:
கட்டைவிரல் போனால் முப்பது சதம்,
மணிக்கட்டோடு போனால் இவ்வளவு,
முழங்கையோடு போனால் இவ்வளவு.
போகாமல் இருந்தால் எவ்வளவுங்க
என்று கேட்க வாய் வந்தது.

ஏனென்றால் அது இருக்கிறது.
கரும்பைப் பிடித்த பிடி விடாமல்
இறுக மூடிக்கொண்டு இருக்கிறது.
நகம் உள்ளங்கைக்குள் இறங்குகிறது.
மத்தியானம் மூன்று மணிக்கு
மிளகாய் அரைத்த எரிச்சல்.
மூடின கைக்குள் எறும்பு எப்படிப் போகிறதோ.

ரேஷன் கடையில் பில் போடுகிறவன்
தலை நிமிராமல் சொன்னான்,
மயிலாத்தா, வலது கட்டைவிரல் வை.
மற்ற நாலும் அசையவில்லை,
கட்டைவிரலை மட்டும் எப்படியோ பிரித்து
வைத்தேன்.
கண்ணாடி சில்லென்று இருந்தது.
ரேகை விழலயே, சேலையில தொடைச்சுட்டு வை என்றான்.
தொடைத்தேன்.
அப்புறம்தான் நிமிர்ந்தான், பாவம்.
ரெண்டு கிலோ கூடவே போட்டுவிட்டான் அரிசி.

தெரபி கொடுக்கிற பையன் பேர் நிகிலன்.
மேசைமேல் ஒரு கண்ணாடியை நட்டமாக நிறுத்தி
இடது கையை இந்தப் பக்கம் வையுங்க,
கண்ணாடிக்குள்ள மட்டும் பாருங்க என்றான்.
பார்த்தேன்.
என்ற வலது கை.
இடக்கையின் ரெண்டு வளையல் அதற்கும் வந்திருந்தது.
விரியுங்க என்றான்.
இடதை விரித்தேன்,
அங்கே அது விரிந்தது.
கரும்பு இல்லை. வேர்வை காய்கிற காற்று மட்டும் பட்டது.
என்னம்மா அழுவறீங்க என்றான்.
கண்ணாடியை எடுத்ததும்
பழையபடி மூடிக்கொண்டது.

வீட்டில் பீரோக் கண்ணாடி.
கதவைப் பாதி திறந்துவைத்தால் ஆகும்.
உள்ளே சேலைகள் தொங்கும் பக்கம் நான்,
வெளியே அது.
தினம் பத்து நிமிசம். சில நாள் விரிகிறது.
சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி
கண்ணாடிக்குள்ளேயும் வர மறுக்கிறது.

நேற்று ராத்திரி எரிச்சல் தாங்க முடியவில்லை.
எங்க வலிக்குதுன்னு காட்டு என்றார்.
காட்டினேன், பாய்க்கு வெளியே
வெறும் சிமெண்டுத் தரையை.
தைலக் குப்பியைத் திறந்தார்.
இங்கயா?
அக்கட்டால.
இங்கயா?
சித்தே கீழ, சுண்டுவிரல் பக்கம்.
தரை முழுக்கத் தைலம்.
எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.
தேய்த்துத் தேய்த்து, பகலெல்லாம் மூட்டை தூக்கின அசதி,
அப்படியே சாய்ந்துவிட்டார்,
தலை சரியாக அந்தக் கையின்மேல்.

கனம்.
முதலில் சுண்டுவிரல் மரத்தது.
பிறகு மோதிரவிரல்.
எறும்பையெல்லாம் காணோம்.
அவர் புரண்டு படுத்தால்தான் எடுக்க முடியும்.
எழுப்பவில்லை.