கோணலுக்குத் தனிக் கூலி

வி.எம். சத்திரத்தில்
பல் டாக்டர் வீட்டுத் தோட்டத்துக்கு
நூற்றுப் பதினாறு நடைகல்.
வரைபடம் கோயம்புத்தூரிலிருந்து வந்தது.
"ஓரம் நேரா இருக்கப்படாது,
இயற்கையா இருக்கணுமாம்"
போனை ஸ்பீக்கரில் போட்டபடி
சொல்கிறார் மேஸ்திரி.

கல்லுக்கு இதெல்லாம் தெரியாது.
அதற்கென்று ஓர் ஓட்டம்.
ஆறு குழி, ஆறு ஆப்பு.
ணங் ணங்கென்று கேட்ட சத்தம்
திடீரெனத் தொண்டை கட்டிக்கொள்ளும்.
அப்போது சம்மட்டியை வைத்துவிட்டு
ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம்.
திரும்புவதற்குள் பிளந்து கிடக்கும்
பனங்கிழங்கைக் கீறின மாதிரி,
நேராக.

"என்ன மைனி, மறுபடியும் நேரா வந்துட்டு?"
நான் என்ன செய்ய.
ஓரத்தைக் கொத்திக் கொத்திக்
கோணலாக்க அரை மணி நேரம்.
கல்லுக்கு எட்டு ரூபாய்
கூடக் கேட்டிருக்கிறேன்,
இன்னும் பதில் இல்லை.

நாற்பத்தேழாவது கல்லுக்குள்
ரோஸ் நிறத்தில் ஒரு ரேகை
ஈரம் போல ஓடியது.
வெயிலே பாராத முகம்.
முந்தானையால் தூசி தட்டினேன்.
சவரிமுத்து வந்து தூக்கிப்போய்
அதைக் கவிழ்த்துப் போட்டு
மணல் தள்ளி மிதித்தான்.
செருப்பு தடுக்குமாம்
அந்தப் பக்கம்.